வில்லங்கம் இல்லை, சரி... வெள்ளம்? வீடு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

வீடு வாங்குவது என்று முடிவாகிவிட்டால், வில்லங்கச் சான்றிதழ் எடுக்கிறோம். தாய்ப்பத்திரம் கேட்கிறோம். வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குகிறோம். வாஸ்துகூட பார்க்கிறோம். லோன் கிடைத்துவிட்டால், "அதான் பேங்க்லயே செக் பண்ணிட்டாங்களே" என்று நிம்மதியாகிவிடுகிறோம்.

இதில் விட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. பெருமழை பெய்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் வருமா?

அந்தச் சொத்து யார் யாருக்கு விற்கப்பட்டது, அடமானத்தில் இருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றிதழ் சொல்லும். உரிமை யாருக்கு என்று வக்கீல் சொல்வார். தண்ணீரைப் பற்றி நாம்தான் விசாரிக்க வேண்டும். ஏனென்றால், வெள்ளம் புகுந்த மாதமும் இ.எம்.ஐ கட்டியாக வேண்டும்!

2015 டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்பட, அடையாறு கரையைத் தாண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியவில்லை. சென்னைக்கு மட்டுமான பிரச்னை இல்லை இது. அதே மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை பதிவானது. ஆக, எந்த ஊரில் வீடு பார்த்தாலும் கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

பத்திரத்திலேயே துப்பு இருக்கிறது!

தாய்ப்பத்திரத்தில் நான்கு எல்லைகள் எழுதியிருப்பார்கள். அதை நிதானமாகப் படியுங்கள். 'வாய்க்காலுக்குக் கிழக்கு', 'ஏரிக்கரைக்கு வடக்கு' என்று இருந்தால், அந்த வாய்க்கால் இப்போது எங்கே என்று தேடுங்கள். அங்கே ரோடோ, வீடோ வந்திருந்தால், மழைநீர் போகும் வழி அடைபட்டிருக்கலாம்.

அடுத்து, தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேடு, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றைப் பாருங்கள். நிலம் நஞ்சை என்று இருந்தால் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்திலோ, வாய்க்கால் பாசனத்திலோ நெல் விளைந்த வயலாக இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட வயல்கள் பெரும்பாலும் தண்ணீர் தானாகப் பாயும் தாழ்வான பகுதியில்தான் இருக்கும். வாங்காமல் விடுவதற்கு இது மட்டுமே காரணமாகாது. மேலும் விசாரிக்க இது போதுமான காரணம். பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, நீர்நிலைப் புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் எச்சரிக்கை தேவை.

சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால், அந்த சர்வே எண் எந்த நில உபயோகப் பிரிவில் வருகிறது என்பதை சி.எம்.டி.ஏ இணையதளத்தில் பார்க்கலாம்.

ஊர்ப் பெயரும் பேசும். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் போன்ற பெயர்கள் அதைத்தான் சொல்கின்றன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் உண்டு. அங்கே இருந்த ஏரி இப்போது இல்லை. பெயர் மட்டும் மிச்சம்.

போனில் என்ன பார்க்கலாம்?

கூகுள் எர்த்தில் பழைய சாட்டிலைட் படங்களை வருடவாரியாகப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் மனை 15, 20 வருடங்களுக்கு முன்பு வயலா, குட்டையா, சதுப்பு நிலமா என்பது தெரிந்துவிடும். மழைக்காலத்தில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் 'பேரிடர் மேலாண்மைத் திட்டம்' இருக்கும். வெள்ள அபாயமுள்ள பகுதிகளை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று அதில் வகை பிரித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கும் ஏரியா எந்த வகையில் வருகிறது என்று தேடுங்கள்.

நேரில் போனால் கீழே பாருங்கள்!

வீடு பார்க்கப் போனால் கிச்சன், பால்கனி என்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். இவற்றையும் கவனியுங்கள்:

* வீட்டின் தரைமட்டம் ரோட்டைவிட எவ்வளவு உயரம்? மேலே மேலே ரோடு போட்டே பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன.

* காம்பவுண்ட் சுவரில், பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா?

* ஈ.பி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? அடுக்குமாடி என்றால் ஜெனரேட்டர், மோட்டார், லிஃப்ட் இயந்திரங்கள் எங்கே இருக்கின்றன? மூன்றாவது மாடியில் வீடு இருந்தாலும், கீழே இவை மூழ்கினால் கரன்ட் இல்லை, தண்ணீர் இல்லை.

* தெருவில் மழைநீர் வடிகால் இருக்கிறதா? அது எங்கே போய்ச் சேருகிறது?

கடைசியாக, புரோக்கர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடமோ டீக்கடையிலோ "2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணா?" என்று கேளுங்கள். முழங்காலா, இடுப்பா என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். முடிந்தால் நவம்பரில், நல்ல மழை நாளில் ஒருமுறை போய் வாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: எது இருக்கிறது, எது இல்லை?

"லோன் வாங்கும்போதே இன்ஷூரன்ஸ் போட்டாச்சு" என்பார்கள் பலர். அந்த பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக அது இருக்கலாம். அப்படியென்றால் வெள்ளத்தில் வீடு சேதமானால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

வீட்டுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ வகுத்தது இது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடங்கும்.

இதில் நிலத்தின் விலை கணக்கில் வராது. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. உதாரணமாக, கார்பெட் ஏரியா 900 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டுத் தொகை 22.5 லட்சம் ரூபாய். இதில் 20 சதவிகிதம், அதாவது 4.5 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே கவர் கிடைக்கும். இதற்கு உச்ச வரம்பு 10 லட்சம். பொருள்களின் மதிப்பு அதிகம் என்றால் பட்டியல் கொடுத்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். நகைகளுக்குத் தனியாகக் கவர் எடுக்க வேண்டும். ரொக்கப் பணமும் வாகனமும் இதில் வராது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ என்று கூட்டிப் பாருங்கள், மொத்த மதிப்பு தெரியும்.

கார், பைக்குக்கு தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வேண்டும். காருக்கு 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் கவரும் சேர்ப்பது நல்லது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ப் பழுதானால், அந்தக் கவர் இல்லாதவர்களுக்கு க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

தண்ணீர் வந்துவிட்டால்...

முதலில் உயிர், பிறகுதான் பொருள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். திரும்பி வந்ததும் சுத்தம் செய்வதற்கு முன்பே தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை பாழான பொருள்களைத் தூக்கிப் போடாதீர்கள். க்ளெய்ம் ஃபாரத்தை 30 நாள்களுக்குள் கொடுத்துவிடுங்கள். இழுத்தடித்தால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பொருள்களின் பில், பாலிசி, பத்திரம் எல்லாவற்றையும் இன்றே போட்டோ எடுத்து, உங்கள் மெயிலுக்கே ஒரு காப்பி அனுப்பி வையுங்கள். நனைந்துபோன பேப்பரை யாரிடமும் காட்ட முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பாலிசி எடுப்பதோ, புதுப்பிப்பதோ அதற்குள் முடியட்டும். புது வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு அந்த இஸ்திரிக்கார அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.