மாறாத காரின் மாறிய வேகம்

கால் மைல் தூரத்தை ஒரு மோட்டார் கார் எத்தனை வினாடியில் கடக்கும்? அமெரிக்க நாட்டு இளைஞர்களை எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டி வைத்துள்ள கேள்வி இது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு நேர்க்கோட்டில் 402 மீட்டர் ஓடவேண்டும்; வளைவோ திருப்பமோ கிடையாது. இதனை டிராக் பந்தயம் என்பர். 1951-இல் வாலி பார்க்ஸ் என்பார் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கம் இதற்கு விதிகள் வகுத்தது.

இராக்கெட்டைப் போலச் சீறும் விசித்திர ஊர்திகளும் இப்பந்தயங்களில் உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன். என் உள்ளத்தைக் கவர்ந்தது 'ஸ்டாக்' என்னும் பிரிவு. விற்பனைக்கு வந்த வடிவிலேயே கார் ஓடவேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1961-இல் கலிபோர்னியாவிலுள்ள பொமோனாவில் டான் நிக்கல்சன் ஒரு செவர்லே காரில் இப்பிரிவின் பட்டத்தை வென்றார். அக்காலத்து விரைவான கார்களுக்கே பதின்மூன்று வினாடிக்கு மேல் பிடித்தது. இன்றோ, தொழிற்சாலைகள் இப்பந்தயத்திற்கென்றே சிறு தொகையாகச் செய்தளிக்கும் கார்களுள் சில, 8 வினாடிக்கும் குறைவாக ஓடி முடிக்கின்றன.

எஞ்சினின் ஆற்றல் பெருகியதே காரணம் என்று நீங்கள் எண்ணலாம். புதிய கார்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊதும் சூப்பர்சார்ஜர் அவற்றில் உண்டு. ஆயினும் 1960-களில் பிறந்த பழைய கார்களும், தம் இளமையில் ஓடியதைவிடச் சில வினாடி விரைவாக இன்று ஓடுகின்றனவே! கிழவன் பேரனை முந்தும் இவ்விந்தை எவ்வாறு நிகழ்ந்தது?

முதற் காரணம் விதியின் இடுக்கில் இருக்கிறது. வால்வு எவ்வளவு உயரம் திறக்கலாம் என்பதை விதி கட்டுப்படுத்துகிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே கேம்ஷாப்டின் மேட்டை உயர்த்தாமலே அதன் வடிவை அகலமாக்கி, எரிபொருளும் காற்றும் மிகுதியாக நுழையச் செய்தனர்.

இரண்டாவது காரணம் டயர். இங்கே ஒரு சிறு கணக்கு. கரும்பலகை இல்லாத குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு விசை காரின் எடைக்கு மேற்போகாது என்று கொள்வோம். அப்பொழுது காரின் வேகம் வினாடிதோறும் 9.8 மீட்டர் அளவுக்கே வளர முடியும். 402-ஐ இருமடங்காக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள்: 9 வினாடியும் சிறிது மிச்சமும் வரும். எஞ்சினை எவ்வளவு பெரிதாக்கினாலும் சக்கரம் வீணே சுழலுமேயன்றி இவ்வெல்லையைத் தாண்டாது.

கார்களோ தாண்டிவிட்டன! அப்படியானால் நாம் கொண்ட எடுகோளே தவறு. மென்மையான ரப்பரால் ஆன, பள்ளக்கோடுகள் இல்லாத டயரைப் புறப்படுமுன் சுழற்றிச் சூடாக்குகின்றனர். ஓடுகளத்தின் மீதும் பிசின் கலவையைத் தெளிக்கின்றனர். அந்நிலையில் ரப்பர் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. உராய்வு எடையை மிஞ்சிவிடுகிறது. புறப்படும்போது எடை பின்சக்கரங்களின் மீது சாய்வதற்கேற்பச் சுருள்வில்களையும் அமைத்துள்ளனர். முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் காட்சி அதனால்தான். முதல் 60 அடியில் சேமித்த சிறு பொழுது, முடிவுக்கோட்டில் அதனினும் பெரிதாகத் திரும்பி வருகிறது.

இவ்வளவும் செய்த காரை இன்னும் 'விற்பனை வடிவம்' என்று அழைக்கலாமா? எனக்கு ஐயமுண்டு. சங்கத்தாருக்கும் இது தலைவலியே. ஒவ்வொரு வகைக் காருக்கும் ஓர் எதிர்பார்ப்பு நேரத்தை அவர்கள் குறித்துள்ளனர். அதைவிட அளவு மீறி விரைந்தால், அவ்வகைக் கார்களின் குதிரைச்சக்தி மதிப்பை ஏட்டில் உயர்த்திவிடுவர். உயர்ந்தால், கூடுதல் எடையைச் சுமக்க நேரும். அல்லது கடினமான பிரிவுக்குப் போகவேண்டும். எனவே சில ஓட்டுநர்கள், ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு விரைவாக்கிய தம் காரை, முடிவுக்கோடு நெருங்கும்போது தாமே பிரேக்கை மிதித்துத் தாமதப்படுத்துகின்றனர்.