பிகேயு குழந்தைக்கு புரோட்டீன் பட்ஜெட் போடுவது எப்படி?

"புரோட்டீன் பவுடர்"னா நமக்கு ஜிம்தான் ஞாபகம் வரும். பினைல்கீட்டோனூரியா, சுருக்கமா பிகேயு என்ற பரம்பரைக் குறைபாட்டோட பிறந்த குழந்தைக்கு ஒரு ஸ்பெஷல் பவுடர்தான் மருந்தே.

புரதத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை இவங்க உடம்பால் சரியா உடைக்க முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். 1 கிராம் புரதத்தில் சுமார் 50 மில்லிகிராம் பினைல்அலனின் இருக்கு. அதனால பால், பருப்பு எல்லாமே டாக்டர் சொன்ன அளவுதான். மீதிப் புரதம், அந்த அமிலம் நீக்கிய பவுடரில் இருந்து வரணும். வாழ்நாள் முழுக்க! முடிவு தேதியே இல்லாத இஎம்ஐ மாதிரி.

செலவைக் குறைக்க என்ன வழி?

1. சுங்க வரி: 2023 ஏப்ரல் 1 முதல், இந்த மாதிரி மருத்துவ உணவை சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்தா அடிப்படை சுங்க வரி கிடையாது. மாவட்ட மருத்துவ அதிகாரி போன்றவரின் சான்றிதழ் வேணும். முதல்ல சான்றிதழ், அப்புறம்தான் ஆர்டர்.

2. அரசு நிதி: தேசிய அரிய நோய்கள் கொள்கை 2021 பட்டியலில் பிகேயு இருக்கு. பெங்களூரு மனித மரபியல் மையம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் வழியா 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம்.

3. வருமான வரி: இதை நம்பி பிளான் போடாதீங்க. 80டிடிபி நோய்ப் பட்டியலில் பிகேயு இல்லை. 80டிடிக்கு குறைந்தது 40% மாற்றுத்திறன் சான்று வேணும். அந்த நிலை வராம தடுக்கத்தானே இந்த டயட்டே!

கடைசியா ஒண்ணு. இந்த வீட்டுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் பேங்கில் மட்டும் இருந்தா போதாது. பார்சல் லேட்டானாலும் சமாளிக்கிற அளவுக்கு பவுடர் அலமாரியிலும் இருக்கணும்.