வெயிலில் பிறக்கும் துகள்கள்

திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் போகிறவர்களுக்குத் தோல் ஷாப்புகளின் வாடை பழகியதுதான். தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் போடுவார்கள். பிறகு அந்தச் சுண்ணாம்பைக் கழற்ற, சுழலும் டிரம்மில் அம்மோனியம் உப்பு சேர்ப்பார்கள். அப்போது கிளம்பும் காரநெடிதான் அம்மோனியா. சல்பைடு கலந்த கழிவில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு எழும். வெயில் ஏறியதும் இப்படிப்பட்ட வாயுக்களிலிருந்தே காற்றில் புதுத் துகள்கள் பிறக்கின்றன.

காற்றிலுள்ள தூசியெல்லாம் புகையாகவோ புழுதியாகவோ வந்து சேர்ந்தது என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். அந்த அழுகிய முட்டை நாற்ற வாயுவும் நிலக்கரி, டீசல் புகையும் தரும் கந்தக டை ஆக்சைடு, சூரிய ஒளி தூண்டும் வினைகளால் கந்தக அமில ஆவியாகிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றுகூடினாலும் சட்டென்று பிரிந்துவிடும். அவற்றைப் பிரியவிடாமல் பிடித்து வைப்பது அம்மோனியா. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ‘கிளவுட்’ குழுவினர் எஃகுக் கலத்துக்குள் இதைச் சோதித்தார்கள். இம்மியளவு அம்மோனியா இருந்தாலே துகள் பிறக்கும் வேகம் நூறு முதல் ஆயிரம் மடங்கு கூடுகிறது என்று 2011இல் அறிவித்தார்கள். மரங்கள் விடும் ஆவி மட்டுமே இருந்தாலும் துகள் பிறக்கும் என்று அதே குழு 2016இல் காட்டியது.

இந்தச் சரக்கெல்லாம் திண்டுக்கல் சமவெளியைச் சுற்றியே இருக்கிறது. மாட்டுச் சாணத்திலிருந்தும் வயலில் தூவும் யூரியாவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. பக்கத்திலேயே சிறுமலைக் காடு. வெயிலுக்கோ பஞ்சமே இல்லை.

பிறக்கும்போது துகளின் குறுக்களவு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் வளர்ந்து, 50 முதல் 100 நானோமீட்டரை எட்டினால் அதன்மேல் நீர் படிந்து மேகத் துளியாகும். உலகில் மேகத் துளிக்கு வித்தாகும் துகள்களில் ஏறக்குறைய பாதி இப்படி வந்தவை என்பது மாதிரிக் கணக்கீடுகளின் மதிப்பீடு.

காற்றில் ஏற்கெனவே புழுதியும் புகையும் மண்டிக் கிடந்தால், ஆவிகள் அவற்றின்மேலேயே படிந்துவிடும். புதுத் துகள் பிறப்பது குறையும். புழுதியை மட்டும் அடக்கி, வாயுக்களை விட்டுவைத்தால் இந்தப் பிறப்புக்கு வழி திறந்துவிட்டதாகிவிடும்.

காற்றின் நுண்துகளை அளக்கும் பிஎம் 2.5 அளவீட்டில் இந்தப் பிறப்பு தெரியாது. அது எடைக் கணக்கு. 2.5 மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு ஈடாக, 2.5 நானோமீட்டர் துகள்கள் 100 கோடி வேண்டும்.

ஆகவே வாயு கிளம்பும் இடத்திலேயே கை வைக்க வேண்டும். அம்மோனியம் உப்புக்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திச் சுண்ணாம்பைக் கழற்றும் முறை தோல் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது. சாலைக்குத் தண்ணீர் தெளிப்பதோடு காற்று சுத்தமாகிவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது.