கணவன் அல்லது மனைவி இந்தியப் பிரஜையாக இருந்தால்: நாடு திரும்பும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

1983 முதல் தமிழ்நாட்டுக்குச் சென்ற குடும்பங்களில் பல அங்கேயே இரண்டு, மூன்று தலைமுறைகளைக் கண்டுவிட்டன. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அயல் ஊர்களில் திருமணம் செய்தார்கள். இதனால் இன்று நாடு திரும்பும் குடும்பங்கள் சிலவற்றில் கணவன் இலங்கையர், மனைவி இந்தியர். அல்லது மனைவி இலங்கையர், கணவன் இந்தியர். பிள்ளைகளோ இந்தியாவில் பிறந்தவர்கள்.

இப்படியான குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இலங்கைப் பிரஜை ஒருவரைத் திருமணம் செய்வதால் மட்டும் எவரும் இலங்கைப் பிரஜை ஆகிவிடுவதில்லை. நீங்கள் ஒரே குடும்பமாக விமானம் ஏறினாலும், சட்டம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே பார்க்கும். உங்களுக்கு இது சொந்த நாடு. உங்கள் இந்தியத் துணைவருக்கு இது விசாவுடன் வாழ வேண்டிய நாடு. அந்த விசா ஒழுங்காக இருந்தால் குடும்பம் ஒன்றாக இருக்கும். அது காலாவதியானால் தண்டப்பணம், தடுத்துவைப்பு, நாட்டைவிட்டு அனுப்பப்படுதல் ஆகியவற்றுக்கு இடமுண்டு.

1. இந்தியாவில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய பத்திரங்கள்

இந்தப் பத்திரங்களை இலங்கைக்கு வந்தபின் எடுப்பது கடினம். செலவும் அலைச்சலும் பல மடங்காகும். ஆகவே பயணத் திகதியைத் தீர்மானிக்கும் முன் இவற்றை முடித்துக்கொள்ளுங்கள்.

*இந்தியக் கடவுச்சீட்டு.* கடவுச்சீட்டு இல்லாமல் திரும்பும் இலங்கையருக்கு, சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயம் பயண ஆவணம் வழங்கும். அந்த ஆவணம் இலங்கைப் பிரஜைக்கு மட்டுமே உரியது. இந்தியத் துணைவர் தமது சொந்த இந்தியக் கடவுச்சீட்டிலேயே வர வேண்டும். அகதி அட்டையிலோ குடும்ப அட்டையிலோ அவருடைய பெயர் இருப்பது இதற்குப் போதாது.

*விவாகச் சான்றிதழ்.* கோயிலில் தாலி கட்டிய திருமணம் உண்மையான திருமணமே. ஆனால் விசா அதிகாரி கேட்பது பதிவுச் சான்றிதழை. தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா மதத்தவரின் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் திருமணம் இதுவரை பதியப்படாவிட்டால் அப்பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பல ஆண்டுகள் கடந்த திருமணமாயின், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சாட்சியங்களுடன் பதியலாம் என்பதை அங்கு கேட்டறியலாம். திருமண அழைப்பிதழ், படங்கள், கோயில் அல்லது தேவாலயப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கையில் கொண்டு செல்லுங்கள்.

“இலங்கைக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம்” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டவர் ஒருவரை இங்கு பதிவுத் திருமணம் செய்யும்போது, அவர் முன்பு திருமணமாகாதவர் என்பதை அவருடைய நாட்டுப் பத்திரங்களால் காட்டும்படி கேட்கப்படலாம். அடுத்ததாக, புதிய சான்றிதழில் விவாகத் திகதி பிள்ளைகளின் பிறந்த திகதிக்குப் பிந்தியதாக இருக்கும். பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

*பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்.* வைத்தியசாலைத் துண்டு போதாது; பதிவாளர் வழங்கிய சான்றிதழ் வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதியாத பிறப்பைப் பதிவதற்கு இந்தியாவில் மேலதிகாரியின் உத்தரவு தேவைப்படும். அதற்குக் காலம் எடுக்கும் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள்.

*பொலிஸ் தடையில்லாச் சான்றிதழ்.* இந்தியத் துணைவர் இதனைத் தமது கடவுச்சீட்டு அலுவலகத்தின் ஊடாகப் பெற்று வைத்திருப்பது நல்லது. விசா விண்ணப்பத்தின்போது கேட்கப்பட்டால் உதவும்.

*அத்தாட்சிப்படுத்தல்.* இந்தியாவில் வழங்கப்பட்ட சான்றிதழ்களை இந்திய வெளியுறவு அமைச்சின் அத்தாட்சியுடன் கொண்டு வாருங்கள். அதன்மேல் இலங்கைத் தூதரக அத்தாட்சியும் வேண்டுமா என்பதைச் சென்னைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள்.

2. பெயர்கள் ஒன்றாக இருக்கட்டும்

விண்ணப்பங்கள் தாமதமாவதற்குப் பெயர் வேறுபாடு ஒரு முக்கிய காரணம். தமிழ்நாட்டில் தந்தையின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் போடுவார்கள். இலங்கையில் தந்தையின் பெயரை முழுமையாக எழுதுவார்கள். ஆகவே ஒரே ஆள் அகதி அட்டையில் “செ. இராசன்”, பிறப்புச் சான்றிதழில் “செல்லத்துரை இராசன்”, பிள்ளையின் சான்றிதழில் “ராஜன்” என்று மூன்று பேராக நிற்பார்.

எல்லாப் பத்திரங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தியாவில் திருத்தக்கூடியதை அங்கேயே திருத்துங்கள். எஞ்சிய வேறுபாடுகளுக்கு “இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஆளையே குறிக்கும்” என்று சத்தியக் கடதாசி (தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரம் என்பார்கள்) முடித்துக்கொள்ளலாம். இலங்கையில் இதனைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடிக்கலாம்.

3. “நான் முதலில் போகிறேன், நீ பிறகு வா”

வீடு, காணி பார்க்க ஒருவர் முதலில் வருவது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஒன்றை யோசித்துச் செய்யுங்கள். அகதி அந்தஸ்தை விட்டு நாடு திரும்பிய இலங்கையர் மீண்டும் தமிழ்நாட்டுக்குப் போவதென்றால், ஏனைய வெளிநாட்டவரைப் போல இலங்கைக் கடவுச்சீட்டும் இந்திய விசாவும் எடுக்க வேண்டும். அங்கே விட்டுவந்த மனைவியின் பத்திர வேலைக்கு உங்கள் கையொப்பமோ நேரடி வருகையோ தேவைப்பட்டால் நினைத்தவுடன் போக முடியாது. ஆகவே பிரிந்து வருவதானாலும், விவாகச் சான்றிதழையும் துணைவரின் கடவுச்சீட்டையும் எடுத்து முடித்த பின்னரே பிரியுங்கள்.

4. இலங்கைக்கு வந்தபின்: வதிவிட விசா

இந்தியத் துணைவர் எந்த விசாவில் நாட்டுக்குள் வரவேண்டும் என்பதைப் புறப்படும் முன் சென்னையில் கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் வந்தால் முதலில் கிடைப்பது 30 நாட்கள். அது முடியும் முன் நீடிக்கவோ, வதிவிட விசாவுக்கு விண்ணப்பிக்கவோ வேண்டும். வந்த முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கினால்தான் இந்த 30 நாட்கள் போதும்.

இலங்கைப் பிரஜையின் துணைவருக்கான வதிவிட விசாவை வழங்குவது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அதன் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் உள்ளது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து செல்லுங்கள். பொதுவாகக் கையில் இருக்க வேண்டியவை:

– நிரப்பிய விண்ணப்பப் படிவம், புகைப்படங்கள்
– இந்தியத் துணைவரின் கடவுச்சீட்டும் அதன் பிரதியும்
– விவாகச் சான்றிதழ்
– இலங்கைத் துணைவரின் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை
– சேர்ந்து வாழ்வதை உறுதிப்படுத்தும் இருவரின் சத்தியக் கடதாசி
– கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ்

இந்தப் பட்டியலில் இலங்கைத் துணைவரின் பத்திரங்களும் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் சொந்த அடையாள அட்டை கையில் இல்லாவிட்டால் துணைவரின் விசா வேலையும் நின்றுவிடும். ஆகவே நாடு திரும்பியதும் கிராம அலுவலரிடம் பதிந்து, அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். மலையக வம்சாவளியினர் சிலருக்குத் தமது பிரஜாவுரிமையையே முதலில் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் 2009 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் அவர்களுக்கு உரியவை.

வதிவிட விசா குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படும். முடிவுத் திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்து வைத்து, அதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். இது தங்குவதற்கான அனுமதி. எழுத்துமூல அனுமதி பெறாமல் துணைவர் சம்பள வேலையில் சேரக்கூடாது. கடவுச்சீட்டும் காலாவதியாகும் என்பதை மறக்க வேண்டாம். வடமாகாணத்தில் வசிப்பவர்கள் இந்தியக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை நாடலாம்.

விசா ஏற்கெனவே காலாவதியாகிவிட்டால் ஒளிந்திருக்க வேண்டாம். நாட்கள் கூடக் கூட நிலைமை மோசமாகும். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெற்று, நீங்களாகவே திணைக்களத்துக்குச் செல்லுங்கள்.

5. பிள்ளைகள்

பிள்ளை பிறந்தபோது தாயோ தந்தையோ இலங்கைப் பிரஜையாக இருந்தால், அப்பிள்ளை வம்சாவளியால் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு (தமிழ்நாட்டில் குடியுரிமை என்பார்கள்) உரியவர். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இது தானாகக் கிடைப்பதில்லை, பதிய வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது முறை. பிந்தினால் தண்டப்பணத்துடன் பதியலாம். சென்னைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்திலோ, இலங்கை வந்தபின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவிலோ இதைச் செய்யலாம். தாய்வழி உரிமை 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே வந்தது. ஆகவே அதற்கு முன் பிறந்து, தாய் மட்டும் இலங்கையராக உள்ள பிள்ளைகளின் நிலையைப் பிரஜாவுரிமைப் பிரிவில் நேரில் விசாரியுங்கள்.

இந்தியச் சட்டத்தில் பிள்ளையின் நிலை பிறந்த திகதியைப் பொறுத்தது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் “சட்டவிரோதக் குடியேறி” அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முறையான பயண ஆவணமின்றி இந்தியாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த நிபந்தனை சிக்கல் தரக்கூடும். ஆகவே “பிள்ளை இந்தியாவில் பிறந்தது, தாய் இந்தியர், எப்படியும் ஒரு நாடு இருக்கும்” என்று நம்பியிருக்காமல் இலங்கைப் பதிவைச் செய்துவிடுங்கள். சிறு வயதில் இது பெரிய குறையாகத் தெரியாது. அடையாள அட்டை எடுக்கும் வயது வரும்போதுதான் தெரியும்.

இரு நாட்டுப் பிரஜாவுரிமையும் உள்ள பிள்ளை 22 வயதை அடையும் முன் மற்ற நாட்டின் பிரஜாவுரிமையைத் துறக்காவிட்டால், இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்க நேரிடும். இத்திகதியையும் குறித்து வையுங்கள்.

6. துணைவர் இலங்கைப் பிரஜையாக விரும்பினால்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரஜையின் துணைவர், விண்ணப்பிக்கும் திகதிக்கு முன் தொடர்ந்து ஒரு வருடம் இலங்கையில் வசித்திருந்தால், பதிவின் மூலம் பிரஜாவுரிமை கேட்கலாம். கணவனையோ மனைவியையோ இழந்தவர்களுக்கும் இந்த வழி உண்டு. கேட்பவர் எல்லோருக்கும் கட்டாயம் கிடைக்கும் என்பதில்லை. முடிவு அமைச்சரைச் சார்ந்தது.

இது பெரிய முடிவு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜாவுரிமையைப் பெற்றால் அவரது இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். பிறகு தாய் தகப்பனைப் பார்க்கப் போவதற்கும் விசா எடுக்க வேண்டும். ஆகவே அவசரப்படாமல், துணைவரே தீர்மானிக்கட்டும். மிக முக்கியமாக, இலங்கைப் பிரஜாவுரிமை உறுதியாகும் முன் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கவோ குடியுரிமையைத் துறக்கவோ வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நாடற்றவராக நிற்கும் நிலை வரக்கூடாது.

7. இந்தியாவிலிருந்து வந்த மனைவிமாருக்கு

உறவினர் இல்லாத ஊருக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் விசா கணவரின் கையொப்பத்தில் தங்கியிருப்பதால், வீட்டில் பிரச்சினை வந்தால் வாய்திறக்கப் பயம் வரலாம். பின்வருவனவற்றை மனதில் வையுங்கள்.

உங்கள் கடவுச்சீட்டு உங்களிடமே இருக்க வேண்டும். கணவரோ மாமியாரோ அதைப் பறித்து வைக்க உரிமை இல்லை. கடவுச்சீட்டு, விசாப் பக்கம், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளை இன்னொரு நம்பிக்கையான இடத்திலும் வையுங்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்களும் நீதிமன்றப் பாதுகாப்பைக் கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. இந்தியத் துணைத் தூதரகத்தையும் நீங்கள் நேரடியாக நாடலாம்.

8. இறுதியாக ஒரு சரிபார்ப்பு

புறப்படும் முன்: துணைவரின் கடவுச்சீட்டு, பதிவு செய்த விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அத்தாட்சிகள், பெயர்த் திருத்தம்.

வந்த முதல் மாதத்தில்: கிராம அலுவலரிடம் பதிவு, உங்கள் அடையாள அட்டை விண்ணப்பம், துணைவரின் விசா விண்ணப்பம்.

முதல் வருடத்தில்: பிள்ளைகளின் பிரஜாவுரிமைப் பதிவு, விசாப் புதுப்பித்தல்.

கட்டணங்களும் படிவங்களும் காலத்துக்குக் காலம் மாறும். பத்தரமுல்லைக்குப் பஸ் ஏறும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் இடத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். “நான் முடித்துத் தருகிறேன்” என்று வரும் தரகரிடம் மூலப் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள். எந்த அலுவலகத்திலும் மூலத்தைக் காட்டி, பிரதியைக் கொடுங்கள். எழுதவோ படிவம் நிரப்பவோ உதவி தேவைப்பட்டால் எமது கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இந்த உதவிக்கு எவ்விதக் கட்டணமும் இல்லை.