நிழலின் நடுவே ஒரு புள்ளி வெளிச்சம்

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளிப் பாடத்தின் முதல் வரி. தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பலகையின் ஓரத்தில் வளைவு பார்ப்பதும், நில அளவையாளர் கம்புகளை ஒரே வரிசையில் நடுவதும் இந்த நம்பிக்கையில்தான். நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆனால் நிழலின் ஓரத்தைப் போதிய கவனத்தோடு பார்த்தால், அந்த இடத்தில் விதி சற்றே பிசகுவது தெரியும். ஒளியைப் பற்றி இயற்பியல் கண்டுபிடித்த முக்கியமான செய்திகள் பல அந்தச் சிறு பிசகைத் துரத்திப் போய்க் கிடைத்தவை.

வெயிலில் விழும் நிழலில் இதைப் பார்க்க முடியாது. வானில் சூரியன் ஏறத்தாழ அரை டிகிரி அகலம் கொண்ட தட்டு. அதன் ஒவ்வொரு புள்ளியும் தனக்கென ஒரு நிழலைப் போடுகிறது. அவை ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் ஓரம் மங்கிவிடுகிறது. அந்த மங்கல் வெறும் வடிவியல். அதை நீக்க வேண்டுமானால் ஒளி மூலத்தை ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்க வேண்டும். இத்தாலியின் பொலோன்யா நகரில் கணிதம் கற்பித்த ஏசு சபைத் துறவி பிரான்செஸ்கோ கிரிமால்தி அதைத்தான் செய்தார். இருட்டறைக்குள் மிகச் சிறிய துளை வழியாகச் சூரிய ஒளியை விட்டு, அதன் பாதையில் ஒரு குச்சியை நிறுத்தினார். நிழல் கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட அகலமாக விழுந்தது. அதன் இரு ஓரங்களிலும் வண்ணப் பட்டைகள் ஓடின. நேர்கோட்டுப் பயணம், எதிரொளிப்பு, ஒளிவிலகல் ஆகிய மூன்றிலும் இது அடங்காது என்று கண்டு, நான்காவதாக ஒரு பெயர் சூட்டினார். இன்று தமிழ்ப் பாடநூல்கள் அதை விளிம்பு விளைவு என்கின்றன. கிரிமால்தி 1663-இல் இறந்தார். அவருடைய நூல் 1665-இல்தான் வெளிவந்தது.

ஒலி இப்படி வளைவதில் யாருக்கும் வியப்பில்லை. அடுத்த அறையில் பேசுவது கதவோரம் சுற்றிக்கொண்டு வந்து காதில் விழுகிறது. பேச்சொலியின் அலைநீளம் கதவின் அகலத்தோடு ஒப்பிடும் அளவில் இருப்பதே காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கதவு, சுவர், மரம் என எல்லாமே அதற்கு மலை. ஆகவே ஒளியியல் சோதனைகளின் வரலாற்றை, மிகச் சிறிய ஒன்றைச் சாதாரண அளவுகோலால் அளக்கும் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் தந்திரங்களின் வரலாறு என்றே சொல்லலாம்.

முதல் பெரிய தந்திரம் நியூட்டனுடையது. தட்டையான கண்ணாடியின்மேல் மிக லேசாகக் குவிந்த வில்லை ஒன்றை வைத்தால், தொடும் புள்ளியைச் சுற்றி இருளும் ஒளியுமாக வளையங்கள் தோன்றும். வில்லைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள காற்றுப் படலம் மையத்திலிருந்து விலக விலகத் தடிக்கிறது. அந்தத் தடிமனை நேராக அளக்க வழியில்லை. ஆனால் வளையத்தின் விட்டமும் வில்லையின் வளைவும் தெரிந்தால் கணக்கிட்டுவிடலாம். நியூட்டன் அப்படிக் கணக்கிட்டு, மையத்தை அடுத்த முதல் இருள் வளையத்தின் இடத்தில் காற்றின் தடிமன் ஓர் அங்குலத்தில் சுமார் 89,000-இல் ஒரு பங்கு என்றார். இன்றைய கணக்கில் அது மஞ்சள் ஒளியின் அலைநீளத்தில் சரிபாதி. ஒளி துகள்களால் ஆனது என்ற பக்கம் சாய்ந்திருந்தவர், அலையின் நீளத்தை அதன் பெயர் தெரியாமலே இத்தனை துல்லியமாக அளந்து 1704-இல் அச்சிலும் ஏற்றிவிட்டார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அந்த எண்களை எடுத்துக்கொண்டவர் தாமஸ் யங். லண்டனில் மருத்துவம் பார்த்தவர்; பின்னாளில் எகிப்தின் ரொசெட்டா கல்லெழுத்தைப் படிக்க முயன்றவர்களில் ஒருவர். இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போது முகட்டோடு முகடு சேர்ந்தால் வலுக்கும், முகட்டோடு பள்ளம் சேர்ந்தால் அழியும் என்பது அவர் வாதம். இதற்கு அவர் சுட்டிக்காட்டிய முன்னுதாரணம் சுவையானது. வியட்நாம் கரையோரம் டோங்கின் வளைகுடாவில் இருந்த ஒரு துறைமுகத்தில், மாதத்தின் சில நாட்களில் கடல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கடல் ஏற்றம் இரு வழிகளில் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது என்று விளக்கியவர் வேறு யாருமல்ல, நியூட்டன்தான். கடல்நீரில் கண்டதை அவர் ஒளியில் தேடவில்லை.

1803 நவம்பரில் யங் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையின் சோதனை, பாடநூல்களில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இரட்டைப் பிளவுச் சோதனை அல்ல. ஜன்னல் கதவில் ஒரு துளை. அதன்மேல் ஊசியால் குத்திய தடித்த காகிதம். உள்ளே வரும் மெல்லிய ஒளிக்கற்றையின் நடுவில், ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டு. அதன் நிழலுக்கு வெளியே வண்ணப் பட்டைகள் விழுந்தன. நிழலுக்குள்ளேயும் இணையான பட்டைகள் தெரிந்தன. நிழலின் நடுக்கோடு எப்போதும் வெண்மையாக இருந்தது. பிறகு அட்டையின் ஒரு பக்கமாக வரும் ஒளியைச் சிறு மறைப்பால் தடுத்தார். மறுபக்கத்து ஒளி தடையின்றி வந்துகொண்டிருந்தும், நிழலுக்குள்ளிருந்த பட்டைகள் அத்தனையும் மறைந்தன. பட்டைகள் ஒரு பக்கத்து ஒளியால் உண்டானவை அல்ல, இரு பக்கமும் கலந்ததால் உண்டானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இரட்டைப் பிளவை அவர் 1807-இல் வெளியிட்ட விரிவுரைகளில் சேர்த்தார். சிவப்பின் கடைக்கோடியில் அலைநீளம் அங்குலத்தில் 36,000-இல் ஒரு பங்கு, ஊதாவில் 60,000-இல் ஒரு பங்கு என்ற அவருடைய கணக்கு இன்றும் பெரிதாகத் திருத்தப்படவில்லை. ஆனால் அவர் காலத்து வாசகர்கள் மசியவில்லை. எடின்பரோவின் விமர்சன இதழ் ஒன்று அவரைக் கடுமையாகத் தாக்கியது. அவர் எழுதி வெளியிட்ட மறுப்புச் சிறுநூல் ஒரே ஒரு பிரதிதான் விற்றதாம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இரண்டு டார்ச் விளக்குகளைச் சுவரில் ஒரே இடத்தில் அடித்தால் ஏன் இருள் பட்டை விழுவதில்லை? சாதாரண விளக்கில் கோடிக்கணக்கான அணுக்கள் தனித்தனியே, ஒன்றோடொன்று தொடர்பின்றி ஒளியை உமிழ்கின்றன. இரு விளக்குகளின் அலைகளுக்கிடையே உள்ள முன்பின் ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் மாறிக்கொண்டே இருப்பதால் பட்டைகளும் அதே வேகத்தில் இடம் மாறும். கண்ணுக்குச் சராசரி வெளிச்சம் மட்டுமே தெரியும். ஒரே மூலத்தின் ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்தால்தான் பட்டை நிலைக்கும். பாடநூல்கள் இப்படிப்பட்டவற்றை ஓரியல் மூலங்கள் என்கின்றன. யங் ஊசித்துளையை முதலில் வைத்ததன் காரணமும் அதுவே.

பிரான்சில் இதே பாதைக்குத் தனியாக வந்து சேர்ந்தவர் அகுஸ்தான் பிரெனெல். அவர் சாலை, பாலங்கள் துறையின் பொறியாளர். 1815-இல் நெப்போலியன் திரும்பி வந்தபோது எதிர்த்ததற்காக வேலையிலிருந்து விலக்கப்பட்டு, நார்மண்டியில் தாய் வீட்டில் முடங்க நேர்ந்தது. கருவிகள் இல்லை. செப்புத் தகட்டில் சிறு துளையிட்டு அதில் ஒரு சொட்டுத் தேனை வைத்து வில்லையாக்கிக்கொண்டார். தாங்கிகளை ஊர்ப் பூட்டுத் தொழிலாளி செய்து கொடுத்தார். விளிம்பு விளைவை எண்ணால் அளந்து, கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டும் வேலை அங்கேதான் தொடங்கியது.

பின்னர் பாரிஸ் அறிவியல் கழகம் விளிம்பு விளைவை விளக்குவோருக்குப் பரிசு அறிவித்தது. நடுவர் குழுவின் ஐவரில் லாப்லாஸ், பியோ, புவாசோன் ஆகிய மூவரும் துகள் கொள்கைப் பக்கம். பிரெனெலின் கணக்கைப் படித்த புவாசோன் அதிலிருந்தே ஓர் அபத்தத்தைக் கறந்தெடுத்தார். கணக்கு சரியென்றால் வட்டத் தகட்டின் நிழலில் நட்டநடுவே, தகடே இல்லாததுபோல ஒளிப்புள்ளி விழ வேண்டும். தகட்டின் விளிம்பு முழுவதும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால், விளிம்பைச் சுற்றி வரும் அலைகள் யாவும் முகட்டோடு முகடாக அங்கே வந்து சேரும். இப்படி ஒன்று நடக்குமா என்பது புவாசோனின் மடக்கு. குழுவில் இருந்த அராகோ வாதத்தில் இறங்காமல் சோதித்துப் பார்த்துவிட்டார். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகத் தகட்டை மெழுகால் கண்ணாடியில் ஒட்டி ஒளியில் பிடித்தார். புள்ளி இருந்தது. 1819-இல் பரிசு பிரெனெலுக்குக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், 1723-இலேயே மரால்டி என்பவர் இந்தப் புள்ளியைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். எதற்கும் விடையாக அது அப்போது தேவைப்படாததால் மறந்துபோயிற்று.

ஒளி அலையின் அதிர்வு செல்லும் திசைக்குக் குறுக்காக நடக்கிறது என்பதை 1820-களின் தொடக்கத்தில் தளவிளைவை (அதிர்வு ஒரே தளத்தில் ஒடுங்குவதை) வைத்துப் பிரெனெலே நிறுவினார். தண்ணீரில் ஒளி காற்றில் செல்வதைவிட மெதுவாகச் செல்கிறது என்பதை 1850-இல் ஃபூக்கோ சுழலும் கண்ணாடியால் காட்டியதோடு, தண்ணீரில் வேகம் கூட வேண்டும் என்ற பழைய துகள் கணக்கு முற்றும் விழுந்தது.

லேசர் வந்த பிறகு இந்தச் சோதனைகள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. ஒரு தலைமுடியை நெட்டுக்குத்தாக இழுத்துப் பிடித்து, அதன்மேல் சிவப்பு லேசர் பேனாவின் கற்றையை அடித்தால் (கற்றை யார் கண்ணிலும் படக்கூடாது) எதிர்ச் சுவரில் கிடையாகப் பட்டைகள் விரியும். முடி 0.07 மில்லிமீட்டர், ஒளி 650 நானோமீட்டர், சுவர் 2 மீட்டர் தூரம் என்றால் இருள் இடைவெளிகள் ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டருக்கு ஒன்றாக விழும். முடி மெலிந்தால் பட்டை விரியும். பட்டையை அடிக்கோலால் அளந்து, முடியின் தடிமனைத் திருப்பிக் கணக்கிடலாம். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் சோடியம் விளக்கின் 589.3 நானோமீட்டர் மஞ்சளொளியில் நியூட்டன் வளையங்களை நகரும் நுண்ணோக்கியால் அளக்கும் சோதனை பல தலைமுறை மாணவர்களுக்குப் பழக்கம். சென்னை மாநிலக் கல்லூரியில் இப்படி நிறமாலைமானியோடு இருந்த ஒரு மாணவர், முப்பட்டகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் படும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். செவ்வகத் திறப்பின் சமச்சீரற்ற பட்டைகள் பற்றிய அவர் கட்டுரை 1906-இல் லண்டனின் பிலசாபிகல் மேகசினில் வந்தது. அது சி.வி. இராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை. அப்போது அவருக்கு வயது 18.

பட்டை நகர்வதை எண்ணத் தெரிந்தால் ஒளியே அளவுகோலாகிவிடுகிறது. ஆல்பர்ட் மைக்கெல்சன் அரைப்பூச்சுக் கண்ணாடியால் கற்றையைச் செங்குத்தான இரு வழிகளில் பிரித்து, முனைகளிலுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்ப வைத்து மீண்டும் சேர்த்தார். ஒரு கண்ணாடி அலைநீளத்தில் பாதி நகர்ந்தால் ஒரு பட்டை கடக்கும். 1881-இல் பெர்லினில் முயன்றபோது தெருப் போக்குவரத்தின் அதிர்வே பட்டைகளைக் கலைத்தது. கருவியைப் போட்ஸ்டாமுக்கு எடுத்துப் போக வேண்டியதாயிற்று. 1887-இல் கிளீவ்லாந்தில் மார்லியோடு சேர்ந்து பாதரசத்தில் மிதக்கும் கற்பலகையின்மேல் அதை அமைத்தார். விண்வெளியை நிரப்பியிருப்பதாகக் கருதப்பட்ட ஈதரில் பூமி ஓடுகிறது என்றால் பட்டைகள் 0.4 அளவு நகர வேண்டும். எதிர்பார்த்ததில் அநேகமாக நாற்பதில் ஒரு பங்குகூட நகரவில்லை. அதே வகைக் கருவியால் பின்னர் பாரிஸில் மீட்டர் கோலையும் அளந்தார்: காட்மியத்தின் சிவப்பொளியில் சுமார் 15,53,163 அலைநீளங்கள். 1960-இல் மீட்டரே கிரிப்டான் ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் என்று வரையறுக்கப்பட்டது; 1983-இல் ஒளியின் வேகத்துக்கு மாற்றப்படும்வரை அந்த வரையறை நின்றது.

அலைக்கதை இதோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். 1909-இல் கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர், வாயுச் சுடரின் ஒளியைப் புகைபூசிய கண்ணாடிகளால் மட்டுப்படுத்தி, ஓர் ஊசியின் நிழலைப் படமெடுத்தார். மிக மங்கலான படத்துக்குச் சுமார் 2000 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட மூன்று மாதம் பிடித்தது. தகட்டில் விழுந்த ஒளி ஒரு மைலுக்குச் சற்று அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் அளவு. பட்டைகளின் கூர்மை குறையவில்லை. 1986-இல் பிரான்சில் கிராஞ்சியர், ரோஜர், ஆஸ்பே ஆகியோர் கால்சியம் அணுக்களிலிருந்து ஒளித்துகள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தனர். பிரிக்கும் கண்ணாடியின் இருபுறமும் உணர்விகளை வைத்தபோது, இரண்டும் ஒருங்கே ஒலிப்பது அலைக் கொள்கை அனுமதிப்பதைவிட மிகக் குறைவாக இருந்தது, துகள் பிளவுபடவில்லை. உணர்விகளுக்குப் பதில் கண்ணாடிகளை வைத்து இரு வழிகளையும் சேர்த்தபோது, தனித்தனியாக வந்த அதே துகள்கள் சேர்ந்து பட்டைகளை உருவாக்கின. எந்த வழியில் போனது என்று கேட்கும் கருவிக்கு ஒரு விடை, கேட்காத கருவிக்கு மற்றொன்று.

மைக்கெல்சனின் கருவி இன்று அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் 4 கிலோமீட்டர் நீளக் கைகளோடு லைகோ என்ற பெயரில் நிற்கிறது. ஒவ்வொரு கையிலும் லேசர் ஒளி சுமார் 300 முறை போய்த் திரும்புகிறது. இரு கைகளிலிருந்தும் வரும் கற்றைகள் வெளிவாயிலில் ஏறத்தாழ முழுவதுமாக ஒன்றையொன்று அழிக்குமாறு கண்ணாடிகள் நிறுத்தப்பட்டுள்ளன. அங்கே உணர்வி காத்திருப்பது இருட்டில். 2015 செப்டம்பர் 14 அன்று, ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இணைந்த இரு கருந்துளைகளின் ஈர்ப்பலை கடந்தபோது கைகளின் நீளம் புரோட்டான் விட்டத்தின் ஒரு சிறு பங்கே மாறியது. அந்த மாற்றத்தால் அழிப்பு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் கலைந்து, இருட்டுக்குள் கொஞ்சம் ஒளி கசிந்தது.