போனுக்குள் நடக்கும் வதை: பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை?

டிக்கோயா, ஹட்டன் தோட்டப் பகுதிகளில் பல வீடுகளுக்குள் ஸ்மார்ட் போன் படிப்புக்காகவே வந்தது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் வகுப்புகள் வாட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறின. கடன்பட்டு வாங்கிய ஒரு போனைப் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். பாடசாலை திறந்த பின்னும் அந்தப் பழக்கம் நின்றுவிடவில்லை. பாடக்குறிப்பு வரும் அதே திரையில் இன்று கேலியும் மிரட்டலும் வருகின்றன.

எது துன்புறுத்தல்?

வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. பாடசாலை வன்கொடுமையை நோர்வேயில் ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயஸ் சொன்ன மூன்று அடையாளங்கள் இவை. இணையத்தில் இரண்டாவது அடையாளம் உருமாறுகிறது. ஒருவர் ஒரே தடவை போட்ட படத்தை நூறு பேர் பகிர்ந்தால், அந்தப் பிள்ளைக்கு அது நூறு தடவை நடந்ததாகிறது. பகிர்ந்தவர்களோ தாங்கள் தவறு செய்ததாகவே நினைப்பதில்லை.

போலிக் கணக்கு தொடங்குவது, முகத்தை வேறொரு உடலில் ஒட்டுவது, நிறத்தையோ சாதியையோ இழுத்துப் பேசுவது, படத்தை வெளியிடுவதாக மிரட்டிப் பணம் கேட்பது எல்லாம் இதில் அடங்கும்.

உடல் காட்டும் அறிகுறிகள்

தூக்கம் கெடும். பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில் தலைவலி, வயிற்றுவலி வரும்; மருந்து எடுத்தும் தீராது. சாப்பாடு குறையும். குறுஞ்செய்தி வந்த சத்தத்துக்கே பிள்ளை திடுக்கிடும், யாராவது அருகில் வந்தால் திரையைக் கவிழ்த்துவிடும். இது நீடித்தால் பதற்றமும் மனச்சோர்வும் வரலாம். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் எழலாம்.

தடுப்பது ஏன் கடினம்?

துன்புறுத்துபவர் எங்கேயும் இருக்கலாம். கனடாவின் 15 வயது மாணவி அமண்டா டாட் 2012இல் உயிரிழந்தார். அவரை இணையத்தில் மிரட்டியவர் நெதர்லாந்துக்காரர். கனடா நீதிமன்றம் அவருக்கு 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது 2022இல்தான்.

நெருங்கியவர்களும் கைவிடுவதுண்டு. 2016 ஜூனில் தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்தும் நடவடிக்கை தாமதமானது. பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை எழுதிவைத்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தாமதத்துக்காக மாவட்டப் பொலிஸ் அதிகாரி பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் யாராவது முறைப்பாடு செய்தால்தான் சட்டம் அசையும். பிள்ளையோ வாயே திறப்பதில்லை. சொன்னால் போனைப் பறிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள், தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்ற பயம். பெண்பிள்ளைக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த லயத்தில், ஒரு படம் இரவோடு இரவாகப் பரவிவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

“நீ என்ன செஞ்ச?” என்று கேட்காமல், “யார் அனுப்புறாங்க, எப்ப இருந்து?” என்று கேளுங்கள். போனைப் பறிக்க வேண்டாம். பதில் அனுப்ப வேண்டாம், பணமும் கொடுக்க வேண்டாம். மிரட்டல் செய்தியையும் கணக்கின் பெயரையும் திகதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளொக் செய்யுங்கள்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929இலும், தேசிய மனநல உதவிச் சேவையை 1926இலும் அழைக்கலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வேறு வைத்தியசாலைக்கோ உடனே அழைத்துச் செல்லுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படம் உங்கள் போனுக்கு வந்தால், யாருக்கும் காட்டாமல், அனுப்பாமல், அந்த வீட்டாரிடம் தனியாகச் சொல்லுங்கள்.