தலையிடி எந்த வயதில் தொடங்கியது?

"சுவாமி, வீடு வளவை விட்டு வந்தவனுக்குத் தலையிடி வராமல் வேறென்ன வரும்?" என்று ஒரு கமக்காரர் என்னிடம் கேட்டார். வயது அறுபதைத் தாண்டியவர். சுற்றி நின்றவர்களும் தலையசைத்தார்கள். யோசனையால் வந்த தலையிடி என்பதே எல்லோருடைய தீர்ப்பு. நானும் அப்படித்தான் எண்ணினேன். அது பிழை.

நாம் யோசனைத் தலையிடி என்பதை வைத்தியர்கள் இறுக்கவகைத் தலையிடி என்பர். உலகில் மிகக் கூடுதலானோருக்கு வரும் தலையிடி இதுவே. நெற்றியைச் சுற்றிச் சால்வையை இறுக்கிக் கட்டியது போன்ற அமுக்கம் இருக்கும். பெரும்பாலும் இரு பக்கமும் நோகும். அரை மணித்தியாலம் முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம். வாந்தி வராது, நடந்து திரிவதால் நோ கூடாது. ஒரு பக்கம் விண்விண் என்று இடித்து, ஓங்காளமும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து வருவது பெரும்பாலும் ஒற்றைத் தலையிடி. அது வேறு.

தலை, கழுத்துத் தசைகள் இறுகுவதே முழுக் காரணம் என்று முன்னர் கருதப்பட்டது. அத்தசைகள் தொட்டால் நோவது உண்மைதான். ஆனால் அடிக்கடி வருபவர்களில், நோவை உணரும் நரம்புத் தொகுதியே கூருணர்வு அடைந்து, சிறு அமுக்கத்தையும் நோவாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே இதை "மனப்பிரமை" என்று தள்ளிவிடுவது நியாயமன்று. நித்திரைக் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு, மனக்கவலை என்பன இதைத் தூண்டும். இவை மூன்றும் இடம்பெயர்ந்த வீட்டில் ஒன்றாகவே குடியிருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இத்தலையிடி பொதுவாக இளவயதில் தொடங்குவது. சிலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே வரும். சராசரியாகப் பார்த்தால் 25 முதல் 30 வயதுக்குள் ஆரம்பிக்கிறது. 30 முதல் 39 வயதுள்ளவர்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படுகிறது. நான்கு ஆண்களுக்கு ஐந்து பெண்கள் என்ற அளவில் பெண்களுக்குச் சற்று அதிகம். எனவே 28 வயதில் தொடங்கி, பத்து வருடமாக ஒரே மாதிரி வந்து போகும் தலையிடிக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்குவதோ வேறு கதை. அதை யோசனை என்று தீர்மானிக்க அயலவருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

அந்தக் கமக்காரர் சில கிழமைகளுக்கு முன் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து வழுக்கி விழுந்திருந்தார். சிறிய அடிதானே என்று யாருக்கும் சொல்லவில்லை. பின்னர் நடை தள்ளாடவே வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். ஸ்கான் செய்தபோது மூளையை அமுக்கியபடி இரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. சத்திரசிகிச்சையால் பிழைத்தார். வயது போனவர்களுக்குச் சிறிய அடியும் இப்படிக் கிழமைகள் கழித்து வேலை காட்டும்.

எந்த வயதிலும், திடீரென இடி விழுந்தாற்போல் வரும் கடுந்தலையிடி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கர்ப்பிணிக்கு வரும் கடுந்தலையிடி ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இனிக் குளிசை. பனடோல் 500 மில்லிகிராம் குளிசை வளர்ந்தவருக்கு ஒன்றோ இரண்டோ போதும். 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ என்று மாதக்கணக்கில் விழுங்கி வந்தால், அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். காலையில் தேத்தண்ணியுடன் ஒன்று போடாவிட்டால் வேலை ஓடாது என்று சொல்லும் தாய்மார் பலரை அறிவேன். பழகியதை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் நோ கூடும், பிறகு குறையும்.

கலண்டரில் தலையிடி வந்த நாளுக்கு ஒரு புள்ளடியும், குளிசை போட்ட நாளுக்கு ஒரு வட்டமும் இடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். முதலில் தொடங்கிய வயதையும், எப்போதாவது விழுந்ததுண்டா என்பதையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.